கைத்தொழிலும் கதை கேட்டலும்

நூல் என்னுஞ் சொல் நம் மொழியில் இரு பொருள் படுவது. பஞ்சினின்று திரிக்கப்படும் இழையும் நூல். புலவன் ஆக்கும் ஏடும் நூல். பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்துள் இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்து, சொற்களைப் பஞ்சாகவும், புலவனை நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயை அவள் கையாகவும், அவன் மதியைக் கதிராகவும் உருவகஞ் செய்தனர். பள்ளியில் இப்பகுதியை மாணாக்கர்க்கு உரைக்குந்தோறும் யாம் ஒன்று கருதுவதுண்டு. இவ்வுருவகம் சொல்லொப்புமை ஒன்றனாற் பிறந்ததன்று போலும். உலகின் பல நாடுகளில் இழை நூற்கப்பட்ட இடமும் கதை நூற்கப்பட்ட இடமும் ஓரிடமாகவே இருந்தன. கை இழையை நீட்ட, வாய் கதையை நீட்டிற்று. அருகிருந்தோர் கையும் வேலையும் தம்போக்கிற் செல்லச் செவியை மட்டும் அக்கதைக்குக் கொடுத்திருந்தனர். இவ்வழக்கத்தின் வரலாற்றைச் சிறிது ஆராய்வதே எமது கருத்து.

இதனை இப்பொழுது எழுதப் புகுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. நம்மவருள் தறியிலும் தையலிலும் பூவேலையிலும் அமர்ந்திருக்கும் இளைஞரும் பெண்டிரும் இந்நாளிற் காதிற் சிறு கருவியைச் செருகிக்கொண்டு, கைப்பேசி வழியாக ஒலிநூல் கேட்கின்றனர். அவர் கேட்பனவற்றுட் பெரும்பகுதி மாயக்கதை. பறக்கும் நாகங்களும், பேசும் மரங்களும், அணிந்தவனை மறைக்கும் கணையாழியும் அவற்றில் வருகின்றன. பெரியோர் சிலர் இதனை முனிகின்றனர். 'கை ஓரிடம், கருத்து ஓரிடம். வேலை கெடும்' என்பது அவர் கூறும் முதற் குற்றம். 'கேட்பதுதான் கேட்கின்றாய், மெய்யான செய்தி ஒன்றைக் கேளாமற் பொய்க்கதைக்குச் செவி கொடுப்பானேன்?' என்பது இரண்டாவது. இவ்விரு குற்றமும் புதியன அல்ல. ஐரோப்பியப் பாதிரிமாரும், ஸ்பானிய அதிகாரிகளும், அமெரிக்க முதலாளிமாரும் வெவ்வேறு காலங்களில் இவற்றையே கூறினர். கூறியதோடமையாது சட்டமும் இயற்றினர். அவ்வரலாற்றை அறிந்தபின் நம் பெரியோர் வேண்டுமாயின் முனிக.

முதற்கண் பொய்க்கதையைப் பற்றி ஒரு சொல். ஆசிரியர் தொல்காப்பியனார் செய்யுளியலில் உரைநடையை வகுக்குமிடத்து, உலகியற் பொருளோடு பொருந்தாத பொய்ம்மொழியையும் ஒரு வகையாக ஏற்றுக்கொண்டார், விலக்கினாரல்லர். யானையும் குருவியும் தம்முள் நட்புக்கொண்டு இன்ன இடஞ் சென்று இன்னது செய்தன என்றாற் போல்வது அது என்று பேராசிரியர் எடுத்துக்காட்டும் தந்தனர். உரைவகையுள் ஒரு கூற்றினைச் செவிலிக்கு உரித்தென்று சூத்திரமே கூறுகின்றது. பிள்ளையை ஏந்தியும், தலைவாரியும், வீட்டுவேலை பார்த்தும் கை ஓயாதிருந்த அச்செவிலியிடத்தே இலக்கணமுடையார் கதையை வைத்தது நுண்ணிதின் நோக்கத்தக்கது. விக்கிரமாதித்தன் கதையை அறியாதார் நம்முள் இலர். அவ்வரசன் வேதாளத்தைத் தோளிற் சுமந்து நடக்குங்கால், வழிநடை வருத்தந் தோன்றாமைப்பொருட்டு அவ்வேதாளமே கதை சொல்லத் தொடங்குகின்றது. சுமை சுமப்பவனுக்கு மாயக்கதை கேட்பித்த முதல் ஒலிநூற் கருவி வேதாளமே என்று எம் மாணாக்கன் ஒருவன் கூறியதை யாம் மறுக்க விரும்பவில்லை.

மேனாட்டில் இவ்வழக்கத்தின் பழைய சான்றுகளுள் ஒன்று ரோமப் பெரும்புலவர் ஓவிட் இயற்றிய 'உருமாற்றங்கள்' என்னும் காப்பியத்தின் நான்காம் பகுதியில் உள்ளது. ஏறத்தாழக் கி.பி. 8-ஆம் ஆண்டளவில் நிறைவுற்ற நூல் அது. மினியாஸ் என்பானுடைய பெண்மக்கள், ஊரார் அனைவரும் மதுத்தெய்வத்தின் திருவிழாவிற்குச் சென்றிருக்க, தாம் மட்டும் வீட்டிலிருந்து கம்பளி நூற்றும் தறி நெய்தும் பொழுது கழிக்கின்றனர். அவருள் ஒருத்தி, கைக்கு வேலை இருக்கின்றது, செவி வறிதே இருப்பானேன் என்னுங் கருத்துத் தோன்றப் பேசி, முறைவைத்துக் கதை சொல்லும்படி ஏனையோரைத் தூண்டுகின்றாள். அவர் சொல்வன காதலும் உருமாற்றமும் நிறைந்த அற்புதக் கதைகளே. விழாவைப் புறக்கணித்த குற்றத்திற்காக இறுதியில் தெய்வம் சினக்கின்றது, தறியிலுள்ள பாவு திராட்சைக் கொடியாகத் தழைக்கின்றது, பெண்கள் வௌவால்களாகின்றனர். கைத்தொழிலையும் கதையையும் ஒருங்கு விரும்பியவர்க்கு இத்துணைப் பெரிய தண்டனையோ என்று எமக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும் அப்புலவர், தம் காப்பியத்தின் மிக நயமான கதைகள் சிலவற்றை அத்தறியருகிருந்த பெண்களின் வாயில் வைத்தனர் என்பது அவர்க்குப் பெருமை.

ஐரோப்பியச் சிற்றூர்களில் நூற்பகம் என்றொன்று நெடுங்காலம் இருந்தது. குளிர்கால இரவுகளில் வீடுதோறும் விளக்கும் விறகும் செலவிடாமல், ஊர்ப்பெண்டிர் ஒரு வீட்டிற் கூடி, ஒரு விளக்கின் கீழ் நூற்பர். கதை, விடுகதை, பாட்டு, ஊர்ப்பேச்சு யாவும் அங்கே நிகழும். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியிற் பிரெஞ்சு மொழியில் அச்சாகிய 'கைக்கதிர்ச் சுவிசேஷங்கள்' என்னும் நகைச்சுவை நூல், ஆறு முதியோள் ஆறு இரவுகளில் நூற்றுக்கொண்டே கூறிய நம்பிக்கைகளைத் தொகுத்துரைப்பதாக அமைந்தது. அவரை எள்ளுதல் அந்நூலின் நோக்கமாயினும், எள்ளுவோனும் ஏடும் எழுதுகோலுங் கொண்டு அவரருகே அமர வேண்டியதாயிற்று. ஜெர்மானிய ஓவியர் பேஹாம் ஏறத்தாழ 1524-இல் ஒரு நூற்பகத்தை மரச்செதுக்குப் படமாகத் தீட்டினார். அதில் வேலையினும் விளையாட்டே மிகுதி. பெண்டிர் கூடியிருக்கும் அறைக்கு இளைஞரும் வரத்தொடங்கினமையால், 16-ஆம் நூற்றாண்டு முதற்கொண்டு பாதிரிமாரும் நகராட்சியாரும் நூற்பகங்களை அடக்கவும் ஒழிக்கவும் பலகால் ஆணை பிறப்பித்தனர். மீண்டும் மீண்டும் ஆணை பிறந்தமையே அவ்வாணைகள் பயன்படாமைக்குச் சான்று.

மாயக்கதைகளிற் கதிரும் ராட்டினமும் ஏன் இத்துணை மிகுதியாக வருகின்றன என்பதற்கு விடை இதுவே. பிரெஞ்சு ஆசிரியர் பெரோ 1697-இல் தம் கதைத்தொகுதியை வெளியிட்டபொழுது, அதன் முகப்புப் படத்தில் அடுப்பங்கரையில் நூற்றுக்கொண்டே கதைசொல்லும் முதியவளையே வரைவித்தார். அத்தொகுதியிலுள்ள அரசிளங்குமரி கதிர்முனை குத்தி நெடுந்துயிலில் ஆழ்கின்றாள். கிரிம் உடன்பிறந்தார் 1812-இலும் 1815-இலும் வெளியிட்ட ஜெர்மானியக் கதைகளில், வைக்கோலைப் பொன்னிழையாக நூற்றுத்தரும் குள்ளன் ஒருவன். இடைவிடாது நூற்றமையால் உதடும் பெருவிரலும் காலும் உருக்குலைந்த மூன்று பெண்டிர். விரலிற் குருதி வடிய நூற்றுக் கிணற்றிற் கதிரைத் தவறவிட்டு வேற்றுலகஞ் சென்ற சிறுமி ஒருத்தி. இவர்தம் நோவு கேட்டோர் அறிந்த நோவு. இரவெல்லாம் நூற்பவளுக்கு, வைக்கோல் தானே பொன்னிழையாகும் என்னுங் கதையினும் இனியது யாது? அக்கதையைப் பொய்யென்று தள்ளுவோர், அதன் உள்ளிருக்கும் உழைப்பின் மெய்யைக் காணாதோராவர்.

கிரிம் உடன்பிறந்தார்க்கு மிகப்பல கதைகளை உதவியவருள் ஒருத்தி டோரோதியா ஃபீமன் என்பாள். காசெல் நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூரினள், தையற்காரன் மனைவி, காய்கறி கொணர்ந்து நகரில் விற்றுப் பிழைத்தவள். 1813-இல் அவர்கள் அவளைக் கண்டனர். முதலில் ஒருமுறை இயல்பாகச் சொல்லிவிட்டு, வேண்டுமென்றால் எழுதிக்கொள்ளுமாறு மீண்டும் மெல்லச் சொல்வாள் என்றும், எத்துணைமுறை சொன்னாலும் கதையில் ஒரு பகுதியையும் மாற்றாள் என்றும், தவறு நேர்ந்தவிடத்துத் தானே திருத்துவாள் என்றும் அவர்கள் வியந்தெழுதினர். 1815-இல் அவள் இறந்தனள். இரண்டாண்டு தாழ்த்திருப்பின் அக்கதைகளுட் பல அவளோடு மண்ணிற் புதைந்திருக்கும். இதனை நம்மவர் மனத்திற் கொள்ளல் வேண்டும்; பின்னர் இதற்கு மீளுவோம்.

எல்லாக் கைத்தொழிலும் கதைக்கு இடந்தருவன அல்ல. எண்ணிக்கை வேண்டுந் தொழிலிற் கதை இடர் செய்யும். இங்கிலாந்தின் நடுநாட்டில், ஊசிகளை நட்டு நூற்பின்னல் செய்யக் கற்ற சிறுமியர் அதற்கொரு வழி கண்டனர். நட்ட ஊசியின் கணக்கையே பாட்டாக்கி, அப்பாட்டினுள்ளே அச்சமூட்டும் கதையையும் புகுத்தி, எல்லோரும் ஒருங்கு பாடினர். காசுமீரத்துச் சால்வைத் தொழிலில் நிகழ்ந்ததோ வேறு. அங்கே கோலத்தைத் 'தாலீம்' என்னும் குறியீட்டில் எழுதிவைத்து, ஒருவர் அதனை இசைபோல உரக்கப் படிக்க, நெய்வோர் அதற்கிணங்க இத்தனை இழை இந்நிறம் என்று கோத்துவருவர். அவர் கைக்கும் வேலை, செவிக்கும் வேலை. நம் குழித்தறியிலும் கரைக்கும் முந்தானைக்கும் இழை எண்ணும்பொழுது வாய்பேசுதல் ஆகாது. ஒரே ஊடையாக உடல் நெய்து செல்லும்பொழுதோ கதைக்கு வேண்டிய இடமுண்டு. தார் சுற்றும் வேலை இன்னும் எளிது. கை பழகியபின் கண்ணும் வேண்டுவதில்லை. 'கை ஓரிடம், கருத்து ஓரிடம்' என்னும் குற்றத்திற்கு இவ்வளவே எமது விடை. எவ்விடத்துக் கேட்கலாம், எவ்விடத்து நிறுத்தவேண்டும் என்பதைத் தொழிலே கற்பிக்கும். கற்பியாவிடிற் புடவை காட்டிக்கொடுக்கும்.

கதையைத் தொழிலினின்று பிரித்தது எந்திரத்தின் பேரொலி. நீராவியால் இயங்கிய லங்காஷயர் நெசவாலைகளில், ஒருவர் பேச்சு ஒருவர்க்குக் கேளாமையால், பெண்டிர் உதட்டசைவைக் கண்டே பேசப் பழகினர். நம் நாட்டு விசைத்தறிக் கூடங்களை அறிந்தோர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எனவே கதை கேட்டல் ஒலியில்லாத் தொழில்களில் ஒதுங்கிற்று. அவற்றுள் முதன்மையானது சுருட்டுச் சுற்றுதல். புகையிலையின் தீமையை யாம் அறியாதேமல்லேம். ஈண்டுக் கூறப்படுவது அதனைச் சுற்றியவர் செவியின் வரலாறு.

கியூபாத் தீவு அக்காலத்தில் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது. அதன் தலைநகராகிய ஹவானாவில், சுருட்டுத் தொழிலாளியும் புலவருமான சாட்டுர்னினோ மார்ட்டினெஸ் 1865-இல் 'அரோரா' என்னும் தொழிலாளர் பத்திரிகையைத் தொடங்கினார். தொழிலாளருட் பெரும்பாலோர்க்கு எழுத்தறிவின்மையால் அச்சிட்ட தாள் அவர்க்குப் பயன்படவில்லை. ஆகலின் ஒருவர் படிக்க ஏனையோர் கேட்கும் முறை வகுக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர்த் திங்களில் 'எல் ஃபிகரோ' என்னும் தொழிற்சாலையில் இம்முறை தொடங்கிற்று. அடுத்த ஆண்டு தொடக்கத்திற் பார்த்தகாஸ் தொழிற்சாலையும் அதனை மேற்கொண்டது. படிப்போரைத் தொழிலாளரே தேர்ந்தனர். அவர்க்குரிய ஊதியத்தையும் தொழிலாளரே தத்தம் கூலியினின்றும் சில்லறையாகத் திரட்டிக் கொடுத்தனர். இது சிறு செய்தியன்று. கைகள் முதலாளிக்கு விலைப்பட்டிருந்தன. செவியை அவர் விற்கவில்லை, அதற்குரிய உணவைத் தம் காசாலேயே வாங்கினர்.

முதலாளிமார் சிலர் இதனை வரவேற்றனர்; பேச்சுக் குறைந்து வேலை செவ்வனே நடந்தமை அதற்குக் காரணம். அரசோ அஞ்சிற்று. 1866 மே மாதம், புகையிலைச் சாலைகளிலும் பிற தொழிற்கூடங்களிலும் நூலும் பத்திரிகையும் படித்துத் தொழிலாளர் கவனத்தை வேலையினின்றும் திருப்புதல் கூடாதென்று ஆணை பிறந்தது. 'வேலை கெடும்' என்று அவ்வாணை கூறிற்று. கருதியது வேறென்பது வெள்ளிடைமலை. 1868 முதல் 1878 வரை நிகழ்ந்த விடுதலைப் போரின்போது, பல்லாயிரவர் கடல்கடந்து அமெரிக்காவின் புளோரிடா நாட்டிற் குடியேறினர்; படிப்போரும் உடன் சென்றனர். 1886 முதல் டாம்பா நகரையடுத்து ஈபோர் என்னும் முதலாளியின் பெயரால் எழுந்த சுருட்டு நகரில் இவ்வழக்கம் செழித்தோங்கிற்று. கியூப விடுதலை வீரர் ஹோசே மார்ட்டி 1891-இல் டாம்பாவிற்கு வந்து பேசியபொழுது, எழுத்தறியாத சுருட்டுத் தொழிலாளரும் அவர் சொல்லின் நயத்தை உணர்ந்து போற்றினர் என்றால், அச்செவிகளைப் பண்படுத்தியவர் யாவர் என்பது கூறாமலே விளங்கும்.

அங்குப் படிக்கும் முறையைச் சிறிது கூறுவோம். நூற்றுக்கணக்கானோர் வரிசையாக மேசைமுன் அமர்ந்து இலையைப் பரப்பி, நரம்பை நீக்கி, உருட்டிச் சுற்றுவர். கூடத்தின் நடுவே உயர்ந்ததொரு மேடை, அதன்மேற் படிப்போர். ஒலிபெருக்கியின்றிக் கடைசி மேசைவரை குரல் சென்றெட்டவேண்டும். காலையிற் செய்தித்தாள், பிற்பகலில் நாவல். எந்நாவல் என்பது வாக்கெடுப்பால் முடிவாகும். நாடகத்திற் போலப் பாத்திரந்தோறும் குரலை வேறுபடுத்திப் படிப்பவர்க்கே மதிப்பு. தொடக்கத்திற் படிப்பித்தோர் பொருள்நூலும் வரலாறுமே தொழிலாளர்க்கு ஏற்றனவென எண்ணினர். தொழிலாளரோ காலப்போக்கில் விக்தர் ஹியூகோ, சோலா, டூமா, செர்வாண்டிஸ் முதலியோரை வேண்டினர். மாயக்கதைகளை ஓயாது படித்து மதிமயங்கிய ஒருவனைப் பற்றியதாகிய 'டான் குவிக்ஸோட்' அவர்க்கு மிக உவப்பானது. நல்ல பகுதி முடிந்தபொழுது, இலை நறுக்கும் வளைகத்தியை மேசைப் பலகையில் தட்டி ஓசையெழுப்புவர்; அதுவே அவர் கைதட்டல். 1935-இல் ஹவானாவில் தோன்றிய 'மாண்டிகிறிஸ்டோ' என்னும் சுருட்டுப் பெயர் டூமாவின் நாவலினின்றும் வந்தது. கேட்ட கதை செய்த பொருளின்மேல் முத்திரையாக நின்றமைக்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

நியூயார்க்கிற் சுருட்டுத் தொழிலாளியாக இருந்து பின்னர் அமெரிக்கத் தொழிலாளர் சம்மேளனத்தை 1886-இல் நிறுவிய சாமுவேல் காம்பர்ஸ், தம் இளமையில் உடன்தொழிலாளர்க்குப் படித்துக்காட்டியதைத் தம் வரலாற்றில் எழுதினர். படிக்கும் நேரத்தில் அவர் சுற்றாதொழிந்த சுருட்டுகளை ஏனையோர் தத்தம் பங்கினின்றும் ஈடுசெய்தனராம். நம் அண்டை நாடாகிய மலையாளத்தில், கண்ணூர்ப் பக்கத்துப் பீடித் தொழிலாளரும் இதனையே செய்தனர். ஒருவர் பத்திரிகையும் நாவலும் படிக்க, அவருக்குரிய பீடியைப் பிறர் சுற்றிக் கொடுத்தனர். நியூயார்க்கும் கண்ணூரும் ஒன்றனை ஒன்று பார்த்துக் கற்றன அல்ல. ஒலியில்லாத கைத்தொழிலும் கேட்கும் வேட்கையும் கூடியவிடத்து இம்முறை தானே முளைத்தது போலும்.

டாம்பாவில் இதன் முடிவு வருத்தந் தருவது. உலகெங்கும் வாணிகம் நலிந்திருந்த காலத்தில், படிப்போர் கலகக் கருத்துகளைப் பரப்புகின்றனர் என்று கூறி, முதலாளிமார் 1931-ஆம் ஆண்டின் இறுதியில் அவர்களை நீக்கினர், மேடைகளையும் பெயர்த்தனர். தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தும் பயனில்லை. மேடை இருந்த கூடத்தில் வானொலி வைக்கப்பட்டது. வானொலி எதைப் பாடுமென்று வாக்களிப்பார் எவரும் இலர். கியூபாவிலோ அவ்வழக்கம் அழியாது நின்றது; 2012-இல் அந்நாட்டார் அதனைத் தம் நாட்டுப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தனர்.

அதே 1931-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், அமெரிக்கப் பேரவை கண்பார்வையற்ற பெரியோர்க்கு நூல் வழங்க ஒரு சட்டம் இயற்றிற்று. அதன் வழியாக 1934-இற் பேசும் நூல்கள் இசைத்தட்டுகளில் வெளிவந்தன. ஒலிப்பதிவுக் கருவியை 1877-இற் கண்டுபிடித்த எடிசன், மறு ஆண்டே அதன் பயன்களை எண்ணுமிடத்துக் கண்ணிலாதார்க்கு நூல் படித்துக் காட்டுதலைக் குறித்திருந்தார். அது கைகூட ஐம்பத்தாறு ஆண்டு ஆயிற்று. இங்கிலாந்தில் 1935-இல் வந்த முதற் பேசும் நூல்களுள் அகதா கிறிஸ்டியின் துப்பறியுங்கதை ஒன்று. முதல் உலகப்போரிற் கண்ணிழந்த வீரர் பலர், அங்கே கூடை முடைதலும் பாய் பின்னுதலும் கற்றுப் பிழைத்தனர். பேசும் நூல்கள் வேண்டுமென்று முயன்ற நிலையங்களுள் அவர்க்குத் தொழில் கற்பித்த நிலையமும் ஒன்று. ஒரு வாயில் அடைபட்ட ஆண்டிலேயே மற்றொரு வாயில் திறந்தமை வியப்பே.

மாயக்கதையும் அவ்வாயில் வழியே புகுந்தது. ஆங்கிலப் பேராசிரியர் டோல்கீன் 1952-இல் மால்வர்ன் என்னும் ஊரில் ஒரு நண்பர் வீட்டில் தங்கியபொழுது, அங்கிருந்த ஒலிநாடாக் கருவியில் தம் கதைகளின் சில பகுதிகளைத் தாமே படித்துப் பதிந்தனர். 'ஹாபிட்' என்னும் கதையில் இருட்குகையுள் விடுகதைப் போட்டி நிகழும் பகுதியும் அவற்றுள் ஒன்று. அவர் 1973-இல் மறைந்தபின், 1975-இல் அப்பதிவு இசைத்தட்டாக வந்தது. பின்னர் ஒலிப்பேழையும், 1979-இற் காதோடணியும் கருவியும், இந்நூற்றாண்டிற் கைப்பேசியும் வந்தன. அவற்றின் வரலாறு யாவரும் அறிந்தது, விரிப்பிற் பெருகும்.

இவற்றால் நம் இளைஞர்க்குக் கிடைத்ததும் இழந்ததும் யாவை? விசைத்தறியின் பேரொலி கதையை விரட்டியது. செவிக்கருவி அதனைத் திருப்பிக் கொணர்ந்தது. ஆயினும் பேரொலியிடையே அதனினும் மிகுந்த ஒலியைச் செவிக்குள் இறக்குதல் கேள்விப்புலனைக் கெடுக்கும். ஆகலின் கைத்தறியிலும் தையலிலும் அமர்ந்தோர்க்கே இவ்வின்பம் உரியதென்போம். கேட்பதை அவரவரே தேர்ந்துகொள்ளலாம். ஆணையிட்டுத் தடுப்பாரும் இலர். இழந்தது மற்றொன்று. ஹவானாவில் நூற்றுவர் ஒரே கதையை ஒரே கணத்திற் கேட்டு, ஒருங்கே கத்தியைத் தட்டினர். மாலையில் வீடு திரும்பும் வழியில் அக்கதையைப் பற்றியே வாதிட்டனர். இன்று ஒரு திண்ணையில் மூவர் அமர்ந்து மூன்று கதை கேட்கின்றனர். ஒருத்தி நகைத்தால் மற்ற இருவர்க்கும் காரணம் தெரிவதில்லை. வீட்டில் தார் சுற்றும் நேரத்தில் ஒரு கருவியை நடுவே வைத்து எல்லோரும் ஒன்றைக் கேட்டால் என்ன என்று எம் இல்லத்தாரிடம் யாம் கூறிப் பார்த்தோம். எக்கதை என்று முடிவு செய்வதற்குள் வேலை முடிந்துவிடுகின்றது. ஹவானாவில் வாக்கெடுப்பு எதற்கு வேண்டியிருந்ததென்பது அப்பொழுதுதான் விளங்கிற்று.

ஃபீமன் என்பாளுக்கு மீள்வோம். நம் குடும்பங்களில் தார் சுற்றிக்கொண்டும், பூக்கட்டிக்கொண்டும், புளி கொட்டையெடுத்துக்கொண்டும் கதை சொல்லிய பாட்டிமாருள் இன்று எஞ்சியோர் சிலரே. அவர்கள் கூறும் ஏழு கடல் கடந்த கிளியும், பாம்பாகிய மாப்பிள்ளையும் எவ்வேட்டிலும் இவ்வூர்ச் சொல்லோடு எழுதப்படவில்லை. வேற்று நாட்டு மாயக்கதையைக் கேட்பிக்கும் கைப்பேசியே ஒரு பொத்தானை அழுத்தினாற் பதிவும் செய்யும். கிரிம் உடன்பிறந்தார்க்கு மைக்கூடும் பொறுமையும் வேண்டியிருந்தன. நம்மவர்க்குப் பொறுமை ஒன்றே போதும். பதிவோர்க்கு யாம் கூறுவது இவ்வளவே. கருவியை முகத்தெதிரே நீட்டிக் கதை சொல்லுக என்று கேட்பின், அவர்கள் நாணிச் சுருங்கச் சொல்லி முடித்துவிடுவர். கையில் ஏதேனும் வேலை இருக்கையில், பேரப்பிள்ளை ஒருவரை அருகிருத்திக் கேட்கச் செய்க. முதன்முறை குறுக்கிடாது கேட்டு, விளங்காத சொல் உளதாயின் இரண்டாம்முறை மெல்லச் சொல்லுமாறு வேண்டுக. அச்சொற்களைத் திருத்தி எழுதற்க. அவ்வாறு கிடைத்த கதைகளை எழுதி, சொன்னவர் விரும்பின் அவர்தம் பெயரும் ஊரும் சேர்த்து, இப்பத்திரிகையின் ஆசிரியர்க்கு அனுப்பலாம். சொல்லும்பொழுது அவர் கை என்ன வேலையில் இருந்ததென்பதையும் ஒரு வரியில் உடன் குறித்தல் நலம்.